“பிள்ளைங்க பங்கையும் சேத்து எழுதிக் குடுத்துடுங்க அண்ணி”ன்னு கேக்குறாங்க, கையெழுத்து போடலாமா?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல ஒரு கிராமத்துலேர்ந்து 34 வயசுப் பெண் ஒருத்தங்க எழுதியிருக்காங்க. நோட்டுத் தாள்ல நாலு பக்கம், ஓரத்துலயும் இடம் விடாம எழுதியிருக்காங்க. ஊர் பேர், ஆள் பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டார். கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு காவல் படுத்திருந்த ராத்திரி மாரடைப்பு. பொண்ணுக்கு 13 வயசு, பையனுக்கு 9. மாமனார் 2011லயே காலமாயிட்டார். அவர் சிங்கப்பூர்ல வேலை பார்த்து சம்பாதிச்ச காசுல வாங்கின 12 மா நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும் அவர் பேர்லயே இருந்துச்சு, உயில் எழுதல, யாரும் பாகம் பிரிச்சுக்கவும் இல்ல. இப்ப இருக்கறது மாமியார், கொழுந்தனார், கட்டிக்குடுத்த நாத்தனார். கருமாதி முடிஞ்ச அன்னைக்கே ஊர்ப் பெரியவங்க நாலு பேர வச்சு 20 ரூபா பத்திரத்துல “எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இந்தச் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை”ன்னு எழுதி இவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. இப்ப கொழுந்தனார் வந்து, “அண்ணி, ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்து விடுதலைப் பத்திரம் ஒண்ணு போட்டுடுங்க, பிள்ளைங்களுக்கும் நீங்களே கார்டியனா போட்டுடலாம், 3 லட்சம் தர்றேன், நாளைக்கு அதுங்களுக்கு நான் இல்லையா”ன்னு கேக்குறாராம். பட்டா ஏற்கனவே அவர் பேருக்கு மாறிடுச்சு. எல்.ஐ.சி.யிலயும் பேங்க் எஃப்.டி.யிலயும் நாமினி மாமியார். பொறந்த வீட்டுல இவங்களுக்கு மறுமணம் பேசுறாங்க, மாமியார் “போறதுன்னா பிள்ளைங்கள விட்டுட்டுப் போ, சொத்தும் கெடையாது”ங்கறாங்க. கடைசி பாராவுல கேட்டிருக்காங்க: “எனக்கும் இவர மாதிரி திடீர்னு ஏதாவது ஆயிட்டா என் பிள்ளைங்க யார் கைக்குப் போவாங்க மேடம்?”

இனிமே உங்களுக்கே நேரா சொல்றேன்ம்மா.

மொதல்ல, அந்த விடுதலைப் பத்திரத்துல, அதாவது உங்க பங்க விட்டுக் குடுக்கற பத்திரத்துல, கையெழுத்து போடாதீங்க. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, தண்ணிக்கும் உங்க கையெழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நடவுக்குப் பணம் வேணும், சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கணும், அதுக்குத்தான் பத்திரம்னு அவசரப்படுத்துவாங்க, நான் கும்பகோணம் கோர்ட்டுல இருபது வருஷத்துக்கு மேல பார்க்குற பழைய பாட்டு இது. பயிர்க்கடனுக்கு யாரும் யாருக்கும் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டியதில்ல.

நான் உங்க கொழுந்தனார கெட்டவர்னு சொல்லல. பதிமூணு வருஷமா அண்ணன் தம்பி ரெண்டு பேருமா உழுத நிலத்த இப்ப அவர் தனியா பார்க்குறார், தனக்குத்தான்னு ஒரு நெனப்பு வந்திருக்கும். ஆனா நெனப்பு வேற கணக்கு வேற. கணக்கப் பார்ப்போம்.

நிலம் யாருக்கு எத்தன குழி

நீங்க எழுதினதுல ரெண்டு எடத்துல தப்பா நெனச்சிருக்கீங்க. ஒண்ணு, “மாமனார் சொத்துல பாதி எங்களுக்கு, பாதி கொழுந்தனாருக்கு”ன்னு. ரெண்டு, “நாத்தனாருக்கு கல்யாணத்துலயே 30 பவுன் போட்டு எல்லாம் செஞ்சாச்சு, அவங்களுக்குப் பங்கு கெடையாது”ன்னு. ரெண்டுமே இல்லம்மா. மாமனார் சொந்தமா சம்பாதிச்சு வாங்கி உயில் எழுதாம இறந்திருக்கார், அப்ப 1956ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லாருக்கும் சரி பங்கு. 12 மான்னா 1200 குழி, நாலா வகுத்தா ஆளுக்கு 300 குழி. நாத்தனாருக்கும் 300 குழி உண்டு, சீர் செஞ்சதுனால பங்கு போகாது. இதே நியாயத்துல உங்க பொறந்த வீட்டுலயும் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கு, அத நீங்க ஒரு வரி கூட எழுதல, நம்ம பக்கத்துப் பொண்ணுங்க யாரும் எழுத மாட்டாங்க.

இப்ப உங்க வீட்டுக்காரரோட 300 குழி. அவர் போன அன்னைக்கு அது நீங்க, பொண்ணு, பையன், அவரப் பெத்த அம்மா, இந்த நாலு பேருக்கும் சமமா எறங்குது. ஆளுக்கு 75 குழி. வாரிசு சான்றிதழ்ல மாமியார் பேரயும் தாசில்தார் போட்டுட்டார்னு கோவமா எழுதியிருக்கீங்களே, அவர் சரியாத்தான் போட்டிருக்கார். ஆம்பள இறந்தா அவரோட அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா உயிரோட இருந்திருந்தா அவர் ரெண்டாம் வகுப்பு, முதல் வகுப்புல ஆள் இருக்கறப்ப அவருக்கு வராது. அம்மாவுக்கு வரும்.

ஆக மாமியார் கையில 300ம் 75ம் சேர்ந்து 375 குழி. உங்க மூணு பேர் கையில 225 குழி, அதாவது ரெண்டே கால் மா. வீட்டுலயும் இதே விகிதந்தான். நீங்க நெனச்ச ஆறு மா இல்ல, ஏமாத்தமா இருக்கும், ஆனா கோர்ட்டுக்குப் போயி மூணு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்கறத இன்னைக்கே தெரிஞ்சுக்கறது மேல். ஒரு விஷயம் மட்டும் சரி பாருங்க: அந்த நிலத்தோட மூலப் பத்திரத்துல மாமனார் நேரா கிரயம் வாங்கியிருக்காரா, இல்ல அவங்க அப்பா வழியா பாகத்துல வந்ததா? பூர்வீகம்னு ஆச்சுன்னா உங்க பிள்ளைங்களுக்குப் பொறப்பாலயே பங்கு வந்துடும், கணக்கு வேற மாதிரி போகும், உங்க பக்கம் கொஞ்சம் கூடவும் செய்யும்.

(கடிதத்துலேர்ந்து நீங்க இந்துன்னு தெரியுது, அதனால இப்படி சொல்றேன். இத படிக்கிற வேற யாராவது நாகூர்லேர்ந்தோ வேளாங்கண்ணிலேர்ந்தோ இருந்தா இந்தக் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க. கிறிஸ்தவக் குடும்பத்துல பிள்ளைங்க இருந்தா விதவைக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்கு, மாமியாருக்கு ஒண்ணும் இல்ல. முஸ்லிம்னா முழுக்க வேற கணக்கு.)

உங்களோடது 75, பிள்ளைங்களோடது 150

இந்தக் கடிதத்துலயே முக்கியமான விஷயம் இதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. அந்த 225 குழியும் “என்னோடது”ன்னு நீங்க நெனக்கிறீங்க, “அண்ணியோடது”ன்னு கொழுந்தனார் நெனக்கிறார். ரெண்டு பேருமே தப்பு. 75 குழி மட்டுந்தான் உங்களோடது, அத நீங்க விக்கலாம், விட்டுக் குடுக்கலாம், யாருக்கு வேணாலும் எழுதலாம். மிச்சம் 150 குழி ரெண்டு மைனர் பிள்ளைங்களோடது. அதுக்கு நீங்க காவல்காரி, சொந்தக்காரி இல்ல.

அப்பா இல்லாத எடத்துல அம்மாதான் இயற்கைக் காப்பாளர், 1956ம் வருஷ இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்றது அது. சித்தப்பா, பெரியப்பா, தாத்தா பாட்டி யாரும் தானா காப்பாளர் ஆக முடியாது, “ஆம்பள தொணை வேணும், நான்தான் கார்டியன்”ங்கற பேச்செல்லாம் சட்டத்துல கெடையாது. ஆனா அதே சட்டத்தோட 8வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, காப்பாளரே ஆனாலும் மைனரோட நிலத்தயோ வீட்டயோ விக்கவோ அடமானம் வைக்கவோ தானம் குடுக்கவோ கோர்ட்டுல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடக் கூட அனுமதி வேணும். அந்த அனுமதியும் சும்மா கெடைக்காது, பிள்ளைங்களுக்கு அத்தியாவசியம்னோ அவங்களுக்கு நல்லா தெரியுற லாபம்னோ ஜட்ஜ் முன்னாடி காட்டணும். அப்படியே வித்தாலும் பணம் பெரும்பாலும் பேங்க்குல பிள்ளைங்க பேர்ல 18 வயசு வரைக்கும் டெபாசிட்டுல நிக்கும், வட்டிய வேணா படிப்புக்கு எடுத்துக்கச் சொல்லுவாங்க.

அனுமதி இல்லாம நீங்க கையெழுத்து போட்டா என்ன ஆகும்? பத்திரம் பதிவாகும், பணம் கை மாறும், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். உங்க பொண்ணுக்கு 18 ஆகுற வரைக்கும். அதுக்கப்புறம் 3 வருஷத்துக்குள்ள அவ “எங்கம்மா போட்ட பத்திரம் என்னைக் கட்டுப்படுத்தாது”ன்னு நின்னா அவ பங்கு அளவுக்கு அந்தப் பத்திரம் போச்சு. வழக்கே போடாம, அந்த நிலத்த தானே வேற ஒருத்தருக்கு எழுதிக் குடுக்கறது மாதிரி நடத்தையாலயும் மறுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2025 அக்டோபர்ல சொல்லியிருக்கு.

எங்கிட்ட முன்னாடி ஒரு கேஸ் வந்துச்சு, வலங்கைமான் பக்கம். வந்தவர் நிலம் வாங்கினவர். புருஷன் இறந்த பொண்ணுகிட்ட 2 மா வாங்கி, போர் போட்டு, மேடு பள்ளம் நெரவி, தென்னை வச்சு, காய்ப்புக்கு வந்தாச்சு. அந்தப் பொண்ணோட பையன் காலேஜ் முடிச்சுட்டு வந்து நோட்டீஸ் விட்டான். பத்திரத்துல “மைனர் மகனுக்காகத் தாயார் கார்டியன்”னு அழகா எழுதியிருந்துச்சு, கோர்ட் அனுமதி மட்டும் இல்ல. என்னால அவரக் காப்பாத்த முடியல. பத்திரம் எழுதினவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், யாரும் சொல்லல.

அதனாலதான் சொல்றேன், கொழுந்தனார்கிட்ட இத சண்டையா சொல்லாதீங்க. “தம்பி, நான் போட்டுக் குடுத்தாலும் நாளைக்கு உங்க தலையிலதான் விடியும், பிள்ளைங்க பங்க நானே நெனச்சாலும் எழுத முடியாதாம், கோர்ட் அனுமதி வேணுமாம், வக்கீலம்மா சொல்றாங்க”ன்னு என் மேல பழியப் போட்டுட்டு நகர்ந்துடுங்க. “இல்ல”ன்னு சொல்ல முடியாத எடத்துல “என்னால முடியாது”ன்னு சொல்ல சட்டமே உங்களுக்கு ஒரு கதவு வச்சிருக்கு.

பாகப் பிரிவினை வேற. எல்லாரும் உக்காந்து, நாத்தனாரையும் கூப்பிட்டு, அவங்கவங்க பங்குக்கு நாலு எல்லை பேசி, பிள்ளைங்களுக்கு வர வேண்டியது குறையாம பதிவுப் பத்திரம் போட்டா அது நிக்கும். பிள்ளைங்களுக்குக் குறைச்சு எழுதியிருந்தா பின்னாடி அத திறக்கலாம். நான் உங்களுக்கு விரும்புறது இந்த வழியத்தான். வாய்க்கால் ஓரத்து நிலத்த ஒருத்தரும், கடைமடையில தண்ணி ஏறாத மேட்ட உங்க பிள்ளைங்களுக்கும் ஒதுக்குனா குழிக் கணக்கு சரியா இருந்தாலும் பாகம் சரியில்லன்னு அர்த்தம், அதப் பார்த்துக்குங்க. ஒத்து வரலன்னா பாக வழக்கு இருக்கு, ஆனா அதுல வருஷங்கள் போகும்ங்கறத ஒளிக்க மாட்டேன்.

கருமாதி அன்னைக்குப் போட்ட கையெழுத்து

“அன்னைக்கே எல்லாம் முடிஞ்சு போச்சு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இப்ப கேக்கறது”ன்னு எழுதியிருக்கீங்க. முடியலம்மா. 100 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள நிலத்துல இருக்கற உரிமைய விட்டுக் குடுக்கணும்னா பதிவுச் சட்டத்தோட 17வது பிரிவுப்படி அது பதிவு ஆகியே தீரணும். 20 ரூபா பத்திரத்துல எழுதி பெட்டியில வச்சிருக்கற காகிதத்தால 75 குழியில ஒரு குழி கூட கை மாறாது. பிள்ளைங்க பங்கப் பத்தி நான் மேல சொல்லியாச்சு, அத பதிவு பண்ணியிருந்தாலும் நிக்காது. செல்லாதுன்னு தெரிஞ்சுதானே இப்ப ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூப்பிடுறாங்க? அது செல்லுபடியாகுற பத்திரமா இருந்தா 3 லட்சம் ஏன் தரணும்?

கணவர் போயி பதினாறு நாள்ல ஒரு பொண்ணுகிட்ட பேப்பர நீட்டுன பெரியவங்களப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, அத இங்க எழுதல.

பட்டா அவர் பேர்ல இருக்கறதயும் அதே மாதிரி எடுத்துக்குங்க. பட்டாங்கறது வரி கட்ட, வருவாய்த் துறை வச்சிருக்கற பதிவு. அது ஒருத்தர சொத்துக்கு ஓனர் ஆக்காது. வாரிசு சான்றிதழ், மாமனாரோட கிரயப் பத்திர நகல், 1980லேர்ந்து ஒரு வில்லங்கச் சான்று, இந்த மூணயும் வச்சு கூட்டுப் பட்டாவா மாத்தித் தரச் சொல்லி மனு குடுங்க, தாசில்தார் ஆபீஸ்ல ஒத்துக்கலன்னா ஆர்.டி.ஓ.கிட்ட (வருவாய்க் கோட்டாட்சியர்) அப்பீல் இருக்கு, அதுக்கு மேல டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்). வில்லங்கச் சான்று எடுக்கறப்ப கண்ண நல்லா விரிச்சுப் பாருங்க, மாமியார் தன்னோட பங்க தான செட்டில்மெண்ட்டா யாருக்காவது எழுதியிருந்தா அதுல தெரிஞ்சுடும். அவங்க பங்க அவங்க எழுதலாம், தடுக்க முடியாது. மொத்த 12 மாவயும் எழுதியிருந்தா அவங்க பங்குக்கு மேல உள்ளது செல்லாது. பவர் பத்திரம்னு எதயாவது கொண்டு வந்தா அதுலயும் கை வைக்காதீங்க, “சும்மா ஈ.பி. கனெக்‌ஷன் மாத்தத்தான்”னு ஆரம்பிச்சு கிரயத்துல முடிஞ்ச பவர நிறைய பார்த்தாச்சு.

கோயில் குத்தகை 5 மா பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. அது சொத்து இல்ல, சாகுபடி உரிமை. குத்தகைச் சாகுபடியாளர் சட்டப்படி அது வாரிசுக்கு வரும், ஆனா நெசமா எறங்கி, சொந்த உழைப்புலயோ வீட்டு ஆளுங்க உழைப்புலயோ சாகுபடி பண்ற வாரிசுக்கு. நீங்க நாத்து நடுறது, களை எடுக்கறது எல்லாம் அதுல கணக்கு. குத்தகை நெல்லயோ பணத்தயோ பாக்கி வைக்காம உங்க பேர்ல ரசீது வாங்குங்க. ரசீது கொழுந்தனார் பேர்ல ரெண்டு போகம் போனா அப்புறம் நிரூபிக்கறது உங்க பாடு.

நாமினி

பேங்க் எஃப்.டி. சுலபம். நாமினிங்கறவங்க பணத்த வாங்கி வச்சுக்கற கை, அவ்வளவுதான். மாமியார் வாங்கினாலும் அதுல நாலுல மூணு பங்கு உங்க மூணு பேரோடது. எல்.ஐ.சி.யில முன்னாடி இதே நியாயந்தான், 1983லயே சுப்ரீம் கோர்ட் நாமினி ஓனர் இல்லன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. ஆனா 2015ல இன்சூரன்ஸ் சட்டத்த திருத்தி, அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க இவங்கள நாமினியா போட்டா அந்தப் பணத்துல அவங்களுக்கே பாத்தியதைன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, அது மத்த வாரிசுங்க உரிமைய முழுக்க அடிச்சுப் போட்டுடுமாங்கறதுல கோர்ட்டுங்க ஒரே மாதிரி சொல்லல. அதனால எல்.ஐ.சி. பணம் உங்களுக்கு வந்தே தீரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், கேக்க வழி இருக்குன்னு மட்டும் சொல்றேன். அந்தப் பணத்துல கொழுந்தனார் டிராக்டருக்கு முன்பணம் கட்டினாருன்னு எழுதியிருக்கீங்க. பண விவகாரத்துக்குப் பொதுவா 3 வருஷக் கெடு, ரெண்டு வருஷம் ஓடிடுச்சு, நோட்டீஸ தள்ளிப் போடாதீங்க.

மறுமணம் செஞ்சா

சொத்து போகாது. ஒரு குழி போகாது. கணவர் வழியா வந்த பங்கு வந்த நிமிஷமே உங்களுக்கு முழு உரிமை ஆயிடுச்சு, அப்புறம் நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா திருப்பிக் குடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. 1856ம் வருஷ விதவை மறுமணச் சட்டத்துல அப்படி ஒரு விதி இருந்துச்சு, அந்தச் சட்டத்தயே 1983ல எடுத்துட்டாங்க. உங்க மாமியார் சொல்றது அவங்க பாட்டி காலத்துச் சட்டம்.

பிள்ளைங்களும் அப்படியே. மறுமணம் ஆனதுனால அம்மா காப்பாளர் பதவிலேர்ந்து எறங்கிட மாட்டாங்க. 2022ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல, கணவர் இறந்து மறுமணம் பண்ணிக்கிட்ட அம்மாவுக்குத்தான் பிள்ளையோட குடும்பப் பேர என்ன வைக்கறதுன்னு முடிவு பண்ற உரிமை கூட, ஏன்னா அவங்கதான் ஒரே இயற்கைக் காப்பாளர்னு சொல்லுச்சு. பாட்டி கோர்ட்டுக்குப் போகவே முடியாதுன்னு இல்ல, 1890ம் வருஷ காப்பாளர் சட்டத்துல மனு போடலாம். அப்ப கோர்ட் பார்க்கறது பிள்ளைங்க நலன் ஒண்ணுதான், 13 வயசுப் பொண்ண தனியா கூப்பிட்டு ஜட்ஜே கேப்பார். நீங்க ஒழுங்கா வளர்க்கறீங்க, பள்ளிக்கூடம் போறாங்க, அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல. பாட்டிய வந்து பார்க்க விடுங்க. அது நியாயமும் கூட, புத்தியும் கூட.

புத்தின்னு ஏன் சொல்றேன்னா அந்த 375 குழி. மாமியார் உயில் எழுதாம காலமானா அது கொழுந்தனாருக்கு ஒரு பங்கு, நாத்தனாருக்கு ஒரு பங்கு, இறந்த மகனோட பிள்ளைங்கங்கறதால உங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து ஒரு பங்கு, 125 குழி. உங்களுக்கு இல்ல, பிள்ளைங்களுக்கு. உயில் எழுதிட்டா அவங்க இஷ்டம். மருமகள் மேல இருக்கற கோவத்துல எழுதற உயில் எத்தனையோ பார்த்திருக்கேன்.

இன்னொரு விஷயம், யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. வரப்போறவர் நல்ல மனசோட “பிள்ளைங்கள நான் தத்து எடுத்துக்கறேன்”னு சொன்னா அவசரப்பட்டு சட்டப்படி தத்துப் பத்திரம் போடாதீங்க. ஏற்கனவே பிள்ளைங்களுக்கு வந்த 150 குழி தத்துக்கு அப்புறமும் அவங்களோடதே, ஆனா அப்பா வழிக் குடும்பத்தோட உறவு சட்டப்படி அறுந்துடும், நாளைக்குப் பாட்டி வழியா வர வேண்டிய 125 குழி வராது. அன்பா வளர்க்கறதுக்குத் தத்துப் பத்திரம் தேவையில்ல.

வீட்ட விட்டு வெளிய போன்னு நாளைக்கே சொன்னா? அந்த ஓட்டு வீட்டுல உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் பங்கு இருக்கு, அது போக 2005ம் வருஷ குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அந்த வீட்டுல குடியிருக்கற உரிமைய விதவைக்கும் குடுக்குது. நீங்களா சாவியக் குடுத்துட்டு வராதீங்க.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

நாலு பக்கத்துல இந்த ஒரு கேள்விதான் என்னைத் தூங்க விடல. 34 வயசுல இதக் கேக்கறவங்க ரொம்பக் கம்மி, உங்களுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுது.

ஒண்ணுமே எழுதி வைக்காம நீங்க போயிட்டா பிள்ளைங்களுக்குத் தானா யாரும் காப்பாளர் இல்ல. பாட்டி ஒரு மனு, உங்க அம்மா ஒரு மனு, சித்தப்பா ஒரு மனுன்னு மாவட்ட நீதிமன்றத்துல நிப்பாங்க, கோர்ட் முடிவு பண்ணும். அதுக்கு எடம் குடுக்காம நீங்களே ஒரு உயில்ல பிள்ளைங்களுக்குக் காப்பாளர நியமிக்கலாம், கணவர் இறந்து தானே காப்பாளரா இருக்கற இந்து அம்மாவுக்கு மேல சொன்ன மைனர் காப்பாளர் சட்டத்தோட 9வது பிரிவு அந்த அதிகாரத்தக் குடுக்குது. உங்க தங்கச்சி திருவாரூர்ல டீச்சர்னு எழுதியிருக்கீங்க, பிள்ளைங்க அவங்ககிட்ட ஒட்டுதல்னா அவங்கள போடுங்க. மொதல்ல அவங்ககிட்டயும் அவங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டுப் போடுங்க. வளர்க்கறது ஒருத்தர், சொத்தப் பார்க்கறது இன்னொருத்தர்னு பிரிச்சும் போடலாம், நான் அப்படித்தான் சொல்லுவேன், உங்க அண்ணன் கணக்கு வழக்குல கெட்டின்னா நிலமும் பணமும் அவர் பொறுப்புல இருக்கட்டும்.

உயில்ல அடுத்தது உங்க 75 குழி, தையல் கடை சேமிப்பு, நகை. இங்கதான் மறுமணத்தோட உண்மையான சிக்கல் இருக்கு, மாமியார் பயமுறுத்துற எடத்துல இல்ல. நீங்க மறுமணம் செஞ்சு, உயில் இல்லாம காலமானா உங்க சொத்து பிள்ளைங்களுக்கும் அப்ப இருக்கற கணவருக்கும் சரி பங்கா போகும். உங்க மொத வீட்டுக்காரர் வழியா வந்த 75 குழியிலயும் மூணுல ஒண்ணு, 25 குழி, ரெண்டாவது கணவருக்கு. அவரோட உங்களுக்குக் குழந்தை பொறந்தா அதுக்கும் ஒரு பங்கு. அது தப்புன்னு சொல்லல, நீங்க விரும்பி நடக்கட்டும், தெரியாம நடக்கக் கூடாது. எல்லாம் மூத்த ரெண்டு பிள்ளைங்களுக்கேன்னு நெனச்சா கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிடுங்க. இந்துக்களுக்கு மறுமணத்தால பழைய உயில் ரத்தாகாது.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், வெள்ளத் தாள் போதும். ரெண்டு சாட்சி, அவங்க முன்னாடி நீங்க கையெழுத்து, உங்க முன்னாடி அவங்க கையெழுத்து. சாட்சியா பிள்ளைங்க காப்பாளரா வரப்போறவங்கள போடாதீங்க, உங்கள விட வயசுல கொறஞ்சவங்க ரெண்டு பேரா பாருங்க. பதிவு கட்டாயம் இல்ல, இருந்தாலும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சுடுங்க, நாளைக்குக் “கிழிச்சுப் போட்டுட்டாங்க”ங்கற பேச்சு வராது. மனசு மாறினா எத்தன தடவ வேணாலும் மாத்தி எழுதலாம். பிள்ளைங்களோட 150 குழியப் பத்தி உயில்ல எழுதிடாதீங்க, அது உங்களோடது இல்லன்னு மேலயே சொன்னேன். சங்கத்து சேமிப்பு, பேங்க் கணக்கு எல்லாத்துலயும் நாமினிய இப்பவே மாத்துங்க, உங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினிய மாத்தாம விட்டதுதான் இன்னைக்கு உங்களுக்கு வந்த வெனை.

வக்கீல் ஃபீஸ் பத்தி கவலைப்பட்டு எழுதியிருந்தீங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987ம் வருஷ சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு, அதுக்கு வருமான வரம்பு கெடையாது. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், 15100க்கு ஃபோன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. கொழுந்தனாரையும் நாத்தனாரையும் சமரசத்துக்கு அவங்களே கூப்பிட்டு விடுவாங்க, கவர்மெண்ட் லெட்டர் போனா ஊர்ப் பெரியவங்க பேச்சு கொஞ்சம் அடங்கும், இது என் அனுபவம்.

போறப்ப வாரிசு சான்றிதழ், கணவரோட இறப்புச் சான்று, மாமனாரோட இறப்புச் சான்று, பிள்ளைங்க பொறப்புச் சான்று, வில்லங்கச் சான்று, கையில இருக்கற பழைய சிட்டா அடங்கல் எதுவானாலும் எடுத்துட்டுப் போங்க. அந்த 20 ரூபா பத்திரத்தோட நகல் உங்ககிட்ட இல்லன்னு நெனக்கிறேன். என்ன தேதி, யார் வீட்டுத் திண்ணையில, யார் எழுதினா, யார் யார் கையெழுத்து போட்டாங்க, படிச்சுக் காட்டுனாங்களா இல்லயா, ஞாபகம் இருக்கறதயெல்லாம் இன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டுல எழுதி வச்சுடுங்க.